மஞ்சள் நீர் போன வழி

உலக்கை விழுந்தால் தரை பதில் சொல்லக் கூடாது. அக்காவின் வீட்டுத் தரை பதில் சொன்னது.

பிள்ளை பெற்ற உடம்புக்கு மருந்து இடிக்க வந்த மருத்துவச்சிதான் அதை முதலில் கேட்டவள். சுக்கையும் மிளகையும் உரலில் இட்டு அவள் உலக்கையைப் போட்டாள். உரலின் ஓசை அடங்கிய பிறகு, அடியிலிருந்து இன்னோர் ஓசை எழுந்தது. வெறும் குடத்தின் வயிற்றில் உள்ளங்கையால் தட்டினாற்போல ஒரு ‘கும்’. அவள் மறுபடியும் போட்டாள். மறுபடியும் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள்; நான் அக்காவைப் பார்த்தேன்; அக்கா குழந்தையைப் பார்த்தாள்.

“மிச்சத்த எங்க வீட்டுல வச்சு இடிச்சுக் கொண்டாரேன்,” என்று மருத்துவச்சி எழுந்தாள். கல்லுரலை உருட்டி வெளியே முற்றத்தில் தள்ளினாள். திரும்பி வாசலில் நின்று, “நீ எந்திரிச்சு அங்குட்டும் இங்குட்டும் நடக்காத ஆத்தா. படுத்தே கெட,” என்றாள். உடம்புக்காகச் சொன்னாளா, தரைக்காகச் சொன்னாளா என்று விளங்கவில்லை.

அந்த ரப்பர்த் தோட்டம், ஈப்போ நகரிலிருந்து செமோருக்குப் போகும் தண்டவாளத்தை விட்டு உள்ளே தள்ளி, சுண்ணாம்புக்கல் மலை ஒன்றின் காலடியில் இருந்தது. லயத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்றன. வரிசையின் ஒரு நுனி மலையைப் பார்க்கும். மறு நுனி லம்பத்தைப் பார்க்கும். ஈயம் எடுக்கத் தோண்டிய பெரும்பள்ளத்தை எங்கள் பக்கத்தில் லம்பம் என்பார்கள். நான் பிள்ளையாக இருந்த காலத்தில் ஒரு குளத்தின் அளவில் இருந்த அந்தப் பள்ளம், இப்போது அடியில் நிற்கும் ஆள் எறும்பாகத் தெரியும் ஆழத்துக்குப் போய்விட்டது. ஆழம் கூடக்கூட ஊற்று கூடியது. ஊற்று கூடக்கூட இயந்திரம் பெரிதாயிற்று. அது நீரை உறிஞ்சி, உயரமான மரச்சாரத்தின் வழியே தள்ளியபடியே இருந்தது. லயத்தில் படுத்திருப்பவர்களின் முதுகுக்கு அந்த அதிர்வு தெரியும்.

மலையின் மறுபுறத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் வெடி வைத்துக் கல் பெயர்த்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் குகையிலிருந்த வௌவால்கள் பட்டப்பகலில் கரும்புகையாக வெளியே கொட்டி, போக்கிடம் தெரியாமல் சுற்றின. வெந்த சுண்ணாம்பின் கழிவைக் குகையின் பின்வாயில் இருந்த பிளவில் கொட்டினார்கள். எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பிளவு நிறையவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். மேலே உடைத்தார்கள், கீழே உறிஞ்சினார்கள், இரண்டுக்கும் நடுவே, லம்பத்தைப் பார்த்த கடைசி வீட்டில், என் அக்கா பச்சைப் பிள்ளையோடு படுத்திருந்தாள்.

எங்கள் தாய் தந்தையர் முன்னரே காலமாகிவிட்டார்கள். என்னை வளர்த்தவள் அவள். பால்வெட்டுக்குப் போன கையாலேயே எனக்குச் சோறு போட்டு, ஈப்போவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தவள். நான் அப்போது ஈப்போவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியன். வாரம் தவறாமல் சொற்போர் மன்றத்தில் மேடை ஏறுபவன். எங்கள் மன்றத்தின் பயிற்சி கடுமையானது. ஒட்டிப் பேசுவதா, வெட்டிப் பேசுவதா என்பதை மேடை ஏறும்போதுதான் சீட்டுக் குலுக்கிச் சொல்வார்கள். எந்தக் கட்சி விழுந்தாலும் அதையே உயிராகப் பற்றிப் பேச வேண்டும். அந்த ஆண்டில் என்னை எதிர்த்துப் பேசக் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஆள் இல்லை. இதை அடக்கத்துக்காக மறைப்பதில் பொருளில்லை. இந்தக் கதைக்கே அது வேண்டும்.

குழந்தையைப் பார்க்க வந்த நான், தரையின் ஓசையைக் கேட்ட பிறகு ஈப்போவுக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலையில் அக்காவின் கணவர் தாம் பால் வெட்டும் நிரைக்கு என்னை அழைத்துப் போனார். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களின் வரிசையில் ஓர் இடத்தில் நின்று, கையால் காட்டினார்.

ஒரு மரம் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாகி நின்றது. சாயவில்லை, முறியவில்லை, வேர் பெயரவில்லை. நின்ற நிலையிலேயே நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பால் பிடிக்கும் மங்கு, தண்டில் கட்டிய கம்பியோடு, யாரோ தரையில் பதமாக வைத்தாற்போல் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் நேற்றைய பால் அப்படியே உறைந்திருந்தது. ஒரு துளி சிந்தவில்லை.

“உக்காந்துக்கிச்சு மச்சான்,” என்றார் அவர். “எத்தினி வருசமா நின்னுக்கிட்டே பால் குடுக்குது, காலு வலிக்காதா லா?”

“சிரிக்கிறீங்களா மாமா?”

“பின்ன அழுவவா? கங்காணிகிட்ட சொன்னேன். ‘மரம் எறங்குனா என்னா, நீயும் குனிஞ்சு வெட்டு’ன்னாரு.”

சிரித்தாரே தவிர, அந்த மரத்தை நோக்கி அவர் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. மங்கையும் எடுக்கவில்லை. தோட்டத்தில் மங்கை விட்டுவிட்டு வருகிற பால்வெட்டுக்காரனை நான் அதற்குமுன் கண்டதில்லை. அந்தச் சிந்தாத பாலைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான அச்சம் பிறந்தது. இடித்துக்கொண்டு விழுவதற்கு எச்சரிக்கை உண்டு. இவ்வளவு மெதுவாக, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவதுபோல் இறக்குகிற ஒன்றுக்கு, யார் எப்போது விழித்துக்கொள்வது?

“அக்காவ இன்னிக்கே வேற வீட்டுக்கு மாத்துங்க மாமா.”

“எப்படி மாத்துறது? காப்புக் கட்டியாச்சே.”

அவர் சொன்னதன் பொருள் எனக்குத் தெரியும். மலைக்குகையில் எங்கள் மாரியம்மன் இருக்கிறாள். குகைக்குள் ஓடும் சிற்றோடை, அவள் காலடியைக் கடந்து பாறையின் வெடிப்பு ஒன்றில் இறங்கி மறைகிறது. திருவிழாவின் முடிவில் அம்மனுக்கு மஞ்சள் நீராட்டி, குடங்குடமாக மஞ்சளைக் கரைத்து அந்த வெடிப்பில் ஊற்றுவார்கள். அன்றைக்கே லயத்துக் கிணற்றில் நீர் மஞ்சளாகும். “ஆத்தா வீட்டுக்கு வந்துட்டா” என்று பெண்கள் குலவையிடுவார்கள். கிணறு இருந்தது லயத்தின் கடைசியில், அக்காவின் வீட்டுச் சுவரை ஒட்டி. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு பிறக்கும் குழந்தைக்கு முதல் நீராட்டு அந்த மஞ்சள் நீரில்தான். அதுவரை தாயும் பிள்ளையும் பிரசவம் நடந்த வீட்டின் வாசற்படியைத் தாண்டக் கூடாது. காப்புக் கட்டிய மறுநாளே அக்காவுக்கு வலி கண்டிருந்தது.

நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் போனேன். வேறு வீடு கேட்டேன். லம்பத்துக்காரரிடம் தோட்டத்துத் துரை பேச வேண்டும் என்றும் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைக்காமலே, “லம்பம் நம்ம எல்லைக்கு வெளிய. லயம் நம்ம எல்லைக்கு உள்ள. நீங்க சொல்ற ஓட்டை எந்த எல்லையில இருக்கு வாத்தியாரே? அதச் சொல்லுங்க, தொரைகிட்ட பேசுறேன்,” என்றார். பேச்சில் என்னை மடக்கிய திருப்தியோடு சிரித்தார். மடக்கித்தான் விட்டார். மண்ணுக்குக் கீழே யாருடைய எல்லை ஓடுகிறது என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று தெரியும். மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும் என்று பள்ளிக்கூடத்துப் பூகோள பாடத்தில் படித்திருந்தேன். கரைத்துக் கரைத்து உள்ளே அறைகளையும் வழிகளையும் குடையும். குகையில் நாம் காண்பது அதில் ஒரு வாசல் மட்டுமே. எங்கள் மஞ்சள் நீர் வெடிப்பிலிருந்து கிணற்றுக்கு வருகிறதென்றால், அதற்கு ஒரு பாதை உண்டு. அந்தப் பாதை லயத்தின் கீழே வருகிறது. நீர் நிறைந்திருக்கும்வரை அந்தப் பாதையின் கூரையை நீரே தாங்கியிருக்கும். நீரை இயந்திரம் உறிஞ்சிவிட்டால் தாங்குவது எது? அன்றிலிருந்து அக்காவின் வீட்டுக்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தின் முன்பகுதியால் நடந்தேன். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“என்னாடா, கள்ளன் மாதிரி வார? புள்ள முழிச்சாலும் பரவால்ல, ஒழுங்கா நட.”

“அக்கா, ஒனக்கு ஒன்னும் கேக்கலையா?”

அவள் வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “காதத் தரையில வச்சாக் கேக்குது. காத்து போற மாதிரி. முன்னால தண்ணி போற மாதிரி கேக்கும்,” என்றாள். குழந்தையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “மஞ்சத்தண்ணி வந்திரட்டும் தம்பி. புள்ளைக்கு ஒரு சொம்பு ஊத்திட்டு, அந்த நிமிசமே எந்திரிச்சு வந்திர்றேன்.”

ஆகவே மஞ்சள் நீர் வரும் நாளை, தெய்வ நம்பிக்கை இல்லாத நான், தோட்டத்தில் வேறெவரைக் காட்டிலும் ஆவலோடு எதிர்பார்த்தேன்.

அந்நாள் வந்தது. காலையிலேயே குகையில் நீராட்டு முடிந்து மஞ்சளை ஊற்றியாயிற்று என்று மேளம் சொன்னது. பெண்கள் சொம்பும் குடமுமாகக் கிணற்றைச் சூழ்ந்தார்கள். மருத்துவச்சி, அக்காவின் குழந்தைக்கென்று பித்தளைச் சொம்பைத் துலக்கி வைத்திருந்தாள். நானும் கிணற்றுச் சுவரில் கைவைத்து எட்டிப் பார்த்தேன். நீர் மிகக் கீழே போயிருந்தது. வழக்கமாக நீர் நிற்கும் இடத்தில் ஈரக்கல்லில் பாசி உலர்ந்து தொங்கியது. அடியில் ஒரு வட்டக் கண்ணாடி போல் கொஞ்சம் நீர். நிறமில்லை. வெயில் ஏறியது. நிறமில்லை. குலவையிடக் காத்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டக் கண்ணாடி சுருங்கி, ஒரு பக்கத்துக் கல்லிடுக்கில் சளக்கென்று இறங்கி இல்லாமல் போயிற்று. கிணற்றின் அடி, கறுத்த சேறாக எங்களைப் பார்த்தது.

அக்கா உள்ளிருந்து கேட்டாள்: “வந்திருச்சா?”

அவளுக்கு யாரும் பதில் சொல்வதற்குள், லம்பத்துப் பக்கத்திலிருந்து ஒரு பால்வெட்டுக்காரர் ஓடி வந்தார். மூச்சிரைக்க, “லம்பத்துல… செவப்பா ஊத்துது! மெசினு செவப்பாக் கக்குது!” என்றார்.

எல்லோரும் எல்லை வேலிக்கு ஓடினோம். மரச்சாரத்தின் வாயிலிருந்து விழும் நீர், எப்போதும் சேற்று நிறத்தில் விழுவது, அன்று சிவந்திருந்தது. வெயிலில் அது இரத்தம் போலவே இருந்தது. சாரத்தின் மேல் நின்ற சீனத் தொழிலாளிகளும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எனக்கும் அச்சம் வந்தது; ஆனால் இரத்தம் என்று நினைத்தல்ல. மஞ்சளையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்தால் சிவக்கும். ஆலத்தித் தட்டை அறிந்த தமிழர் எவருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் ஊற்றிய மஞ்சளும், காளவாய்க்காரர்கள் கொட்டிய சுண்ணாம்பும், மலைக்குள் எங்கோ சந்தித்து, லயத்தின் கீழே நடந்து, கிணற்றை ஒதுக்கிவிட்டு, நேராக இயந்திரத்தின் வாய்க்குப் போயிருந்தன. பாதை எவ்வளவு பெரிதாக இருந்தால் இவ்வளவு விரைவில் போகும்? அந்தப் பாதை இப்போது எவ்வளவு வெறுமையாக இருக்கும்?

பூசாரியும் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர்தான். திருவிழா நாட்களில் மட்டும் அவர் சொல் கங்காணியின் சொல்லுக்கும் மேலே நிற்கும். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பி உரத்த குரலில் சொன்னார்:

“ஆத்தா கோவிச்சுக்கிட்டு லம்பத்துக்குப் போயிட்டா. திருப்பிக் கூப்பிடணும். கரகத்தக் கொண்டாங்க. லம்பத்தப் பாத்த கடைசி வீட்டு முத்தத்துல எறக்குங்க. பம்பை, உறுமி எல்லாம் வரட்டும். அவ திரும்புற வரைக்கும் ஆட்டம் நிக்கக் கூடாது.”

அது அக்காவின் வீட்டு முற்றம்.

நான் ஓடிவந்து சேர்வதற்குள் கரகம் இறங்கிவிட்டது. லயம் முழுதும் அந்தச் சிறிய முற்றத்தில் திரண்டிருந்தது. பம்பையில் முதல் அடி விழுந்தது. அடங்கியதும், தரைக்குள்ளிருந்து அந்தப் பழைய ஓசை எழுந்தது: கும்.

கூட்டம் சிலிர்த்தது. “பதில் சொல்றா! ஆத்தா பதில் சொல்றா!” என்று பூசாரி கத்தினார். “இன்னும் பலமா அடிங்கடா!”

அடித்தார்கள். ஆடினார்கள். ஆண்கள் குதிகாலால் மண்ணை மிதித்து ஆடினார்கள். ஒவ்வொரு மிதிக்கும் கீழேயிருந்து பதில் வந்தது. பதில் வரவர மிதி பலத்தது. அக்காவின் வீட்டுச் சுவரில், பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு கோடு விழுந்திருப்பதைக் கண்டேன். காலையில் அது இல்லை. கதவிடுக்கில் அக்காவின் முகம் தெரிந்தது. வாசற்படிக்கு உள்ளேயே, குழந்தையை மார்போடு அணைத்து நின்றாள். வாய்விட்டு அவள் கேட்ட ஒரே கேள்வியை ஓசையில் நான் கேட்கவில்லை. உதட்டின் அசைவில் படித்தேன். “வந்திருச்சா?”

மருத்துவச்சி உருட்டி வெளியே தள்ளிய உரல் முற்றத்தின் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஏறினேன். இரு கைகளையும் உயர்த்தினேன். மன்றத்தில் பயின்ற முழுக் குரலில் தொடங்கினேன்:

“அன்பர்களே! பெரியோர்களே! சற்றே செவி சாயுங்கள்! நீங்கள் கண்டது குருதி அன்று. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த நீர். மலைக்குள்ளிருந்து லம்பத்துக்கு ஒரு நீர்வழி இருக்கிறது. அந்த வழி இந்த முற்றத்தின் அடியில் வெறுமையாகக் கிடக்கிறது. நீங்கள் தெய்வத்தின் மறுமொழி என்று எண்ணுவது பொள்ளலின் ஓசை! இந்தத் தரை தாங்காது! கலைந்து செல்லுங்கள்!”

குரலில் குறையில்லை, அடுக்கில் குறையில்லை. ஈப்போவில் இதற்குக் கைதட்டியிருப்பார்கள். இங்கே சிரித்தார்கள்.

“வாத்தியாரு மேடை ஏறிட்டாரு லா!”

“எறங்கு மச்சான், அது ஒரலு!”

“மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்துச்சுன்னா அது ஆலத்திதானே? ஆத்தாவுக்கு ஆலத்தி எடுத்தது யாரு, நீயா?”

அதற்குத்தான் சிரிப்பு பெரிதாக எழுந்தது. பம்பை மறுபடியும் முழங்கியது. உரலின் கீழே மண் நெகிழ்வதை என் உள்ளங்காலில் உணர்ந்தேன். உரல் ஒரு பக்கமாக மிக மெல்லச் சாய்ந்தது. சிந்தாத பாலோடு இறங்கிய மரம் நினைவுக்கு வந்தது. வெட்டிப் பேசித் தோற்றாயிற்று. ஒட்டிப் பேச இன்னும் நேரம் இருந்ததா என்று தெரியவில்லை.

மேடைத் தமிழை விட்டேன். தொண்டை கிழியக் கத்தினேன்:

“பதில் சொல்றாளே, எங்கேருந்து சொல்றா? லம்பத்துலேருந்தா? காதக் குடுத்துக் கேளுங்க! ஒங்க காலுக்குக் கீழேருந்து சொல்றா! அவ லம்பத்துக்குப் போகல. போற வழியில இங்கன நிக்கிறா. அவ தலைக்கு மேலதான் நீங்க மிதிச்சு ஆடுறீங்க!”

பம்பைக்காரரின் கை தாழ்ந்தது. உறுமி மட்டும் இழுத்து நின்றது. எல்லோரும் தத்தம் கால்களைப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடைவெளி போதவில்லை. அவர்கள் முற்றத்தை விட்டு விலகுவார்கள். ஆனால் அக்கா உள்ளேயே கிடப்பாள். அவளை வெளியே கொண்டுவர ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதை அறிந்தேதான் எடுத்தேன்.

“ஆத்தா தலைக்கு மேல தீட்டு வீட்ட வச்சிருக்கீங்க! புள்ள பெத்த தீட்டு அவ தலைக்கு நேரா படுத்துக் கெடக்கு! அதான் மூச்சு முட்டித் தட்டுறா! கெணத்துக்கு வராம ஒதுங்கிப் போனது எதனால? இந்தத் தீட்டாலதான்! மொதல்ல இத வெளியேத்துங்க!”

பூசாரியின் முகம் வெளுத்தது. “ஐயோ ஆத்தா,” என்றார். பிறகு, “காலு தரையில படக் கூடாது. கட்டிலோட தூக்குங்க. வாசப்படி தாண்டுன குத்தம் எம்மேல,” என்றார்.

பெண்கள் உள்ளே பாய்ந்தார்கள். அக்காவின் கணவரும் இன்னும் சிலரும் கயிற்றுக் கட்டிலைத் தூக்கினார்கள். அக்கா குழந்தையோடு என்னைக் கடந்து போனாள். கூட்டம் அவள்மேல் படாமல் விலகி வழிவிட்டது. சிலர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் இன்னும் உரலின்மேல் நின்றுகொண்டிருந்தேன். லயத்தின் மறு நுனியில், மலையடி மேட்டில் இருந்த மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய் அவளை இறக்கினார்கள். தீட்டுக்கு வேறு இடம் தர யாரும் ஒப்பவில்லை. ஆத்தாவின் தலையை மிதிக்க அஞ்சி, லயத்து வரிசை முழுதும் காலியாயிற்று. கரகத்தை, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பம்பை அடித்தபோது தரை மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தில் யாருக்கும் ஆடத் தோன்றவில்லை.

பிற்பகலில் மழை இறங்கியது. நாங்கள் பிரட்டுக் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். இடி இல்லை, காற்று இல்லை. மழைக்குள்ளிருந்து யாரோ நீண்டதொரு பெருமூச்சு விட்டாற்போல் ஒலித்தது. லயத்தின் கடைசிக் கூரை நடுவில் மடிந்தது. அக்காவின் வீடு ஒரு கணம் குறுகி, கதவு தானாகத் திறந்து, உள்ளே இருந்த இருட்டோடு கீழே இறங்கியது. முற்றமும் இறங்கியது. கிணற்றின் கைப்பிடிச்சுவர் வட்டம் குலையாமல் சாய்ந்து, உருண்டு, போய்விட்டது. பிறகு அடியில் எங்கோ நீர் விழும் ஓசை. நெடுநேரம் கழித்துத்தான் அது கேட்டது. அவ்வளவு ஆழம்.

கொட்டகையில் நின்ற அத்தனை பேரும் மழையில் விழுந்து வணங்கினார்கள். வணங்கியவர்களில் சிலர் என் பக்கம் திரும்பி வணங்கினார்கள். நான் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். துரை வந்து பார்த்தார். இயந்திரம் சில நாட்கள் நின்றது, பிறகு ஓடியது. பட்டுப்போன கித்தாமரங்களை வெட்டிப் பள்ளத்தில் தள்ளினார்கள். காளவாயிலிருந்து கல் கொண்டுவந்து கொட்டினார்கள். பள்ளம் நிறைந்ததா என்று நான் கேட்கவில்லை. ‘எவ்வளவு கொட்டினாலும் நிறையவில்லை’ என்ற பழைய பெருமை என் காதில் இருந்தது. மலைப்பக்கம் தள்ளிப் புது லயம் கட்டினார்கள். மலைப்பக்கம் என்றால் குகைக்குப் பக்கம். தோட்டத்தில் எனக்கு அருள் வந்ததாகப் பேச்சு நிலைத்துவிட்டது. பூசாரி என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். என் வாழ்வில் நான் பேசிய சிறந்த பேச்சு அதுதான். ஈப்போ மன்றத்தில் அதைப் பற்றி ஒருவரிடமும் நான் மூச்சு விட்டதில்லை.

அக்கா என்னோடு பேச நாளாயிற்று. புது லயத்தில் குடியேறிய பிறகு ஒருநாள், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, தலைநிமிராமல் ஆரம்பித்தாள்:

“ஊர் முழுக்க என்னத் தீட்டுன்னு கூவி, மாட்டுக்குப் பக்கத்துல போட்டுட்ட.”

“வேற வழி இருந்துச்சா அக்கா?”

“ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா நானே எந்திரிச்சு வந்திருப்பேன்.”

“வந்திருக்க மாட்ட.”

அவள் யோசித்தாள். “மாட்டேன்தான்,” என்றாள். “ஆனாலும் கேட்டிருக்கலாம்ல?”

மீண்டும் அந்த முற்றத்தில் நின்றால் மீண்டும் அந்தச் சொல்லையேதான் எடுப்பேன். அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவள் கேட்டதும் சரிதான். இரண்டும் சரியாக இருக்கும் வழக்குக்குச் சீட்டுக் குலுக்க முடியாது.

“மேடைப்பேச்சு அக்கா. மனசுல வச்சுக்காத.”

“எது மேடை? எங்க ஒரலா?” என்று நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். “அதுவும் உள்ள போயிருச்சு. மொதல்ல எனக்கு ஒரு ஒரலு வாங்கிக் குடு, அப்புறம் பேசு.”

வாங்கிக் கொடுத்தேன். ஈப்போவிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. அக்காவின் கணவரும் நானும் அதைப் புரட்டிப் புரட்டிப் புது வீட்டுக்குள் கொண்டுபோய், அடுப்புக்கு அப்பால் நிறுத்தினோம். அவர் ஏதோ வேடிக்கை பேச வாயெடுத்து, பேசாமல் நிறுத்திக்கொண்டார். மருத்துவச்சி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தற்செயலாக நடப்பவள் போல வாசற்படிக்கு வெளியே போய் நின்றாள். வேலிக்கு அப்பால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா உரலில் ஒன்றும் இடவில்லை. உலக்கையைத் தூக்கினாள், ஒரே ஒரு முறை போட்டாள்.

கல்லின் ஓசை எழுந்து, சுவரில் பட்டு, அடங்கியது. நாங்கள் மூச்சை நிறுத்திக் காத்திருந்தோம். அக்கா உலக்கையைப் பிடித்தபடியே தலையைச் சற்றுச் சாய்த்து, நெடுநேரம் நின்றாள்.

“இன்னிக்கு ஒன்னும் சொல்லல,” என்றாள்.